சத்தத்தோடு மூன்று நிமிடம்

காரில் கேமரா வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். தீபாவளிக்கு ஜொகூரிலிருந்து வந்த மகன் கேட்கவில்லை. "ம்மா, இப்ப யாரு காருல இது இல்ல சொல்லுங்க. நாளைக்கு யாராச்சும் இடிச்சிட்டு, நீங்கதான் இடிச்சீங்கன்னு சொன்னா என்னா செய்வீங்க?" என்று கேட்டுக்கொண்டே முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டான். சோப்புத் துண்டு அளவுதான் இருந்தது. காரை முடுக்கினால் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் வரவேற்பு சொல்லும். என்னை வரவேற்க வேறு யாரும் இல்லாததால் அதைப் பொறுத்துக்கொண்டேன்.

மூன்று மூன்று நிமிடத் துண்டுகளாகப் பிடிக்கும், பழையது தானாக அழியும், கார் எதிலாவது மோதினால் அந்தத் துண்டை மட்டும் அழிக்காமல் பூட்டி வைக்கும் என்றெல்லாம் விளக்கினான். சத்தத்தையும் பிடிக்கும் என்று சொன்னானா என்பது ஞாபகமில்லை. சொல்லியிருப்பான். நான் அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுத் தலையாட்டியிருப்பேன்.

மலாக்காவில், பாயா ரும்புட்டில் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறோம், நானும் என் வீட்டுக்காரரும். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இது நான்காவது வருடம். திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு டவுனில் உள்ள டயாலிசிஸ் மையத்தில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. நேரத்துக்குப் போகாவிட்டால் அடுத்த ஆளின் நேரத்தைத் தின்ன வேண்டிவரும். எனக்குப் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை, மாலை ஷிப்ட். வேலை முடிந்து வீடு வந்து படுத்தால் ஐந்து மணிக்கு அலாரம். தூக்கம் என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரம்.

அவர் முப்பது வருடம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டியவர். எனக்குக் கார் ஓட்டக் கற்றுத் தந்தவரும் அவர்தான். பக்கத்தில் உட்கார்ந்து "ரோட்டப் பாரு, கண்ணாடியப் பாரு, என்னா அவசரம்" என்று உயிரை வாங்குவார். சர்க்கரையில் கண் மங்கி, கால் விரல்கள் இரண்டை எடுத்து, நடைச்சட்டத்தைப் பிடித்து நடக்கும் நிலை வந்த பிறகு அந்த நச்சரிப்பு நின்றுவிட்டது. லாரி ஓட்டினவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்வதே தண்டனைதான். கடைசியில் காரில் அவரிடம் ஒரே ஒரு பேச்சுதான் மிச்சம். பெட்ரோல் நிலையத்தைத் தாண்டியதும், "திருப்பு. இன்னிக்கு வேணாம்" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே வார்த்தை. நானும் எதையாவது சொல்லிக்கொண்டே ஓட்டுவேன். சில நாள் கெஞ்சுவேன், சில நாள் பேரப்பிள்ளையைச் சொல்லி ஏமாற்றுவேன், பல நாள் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன்.

அந்தப் புதன்கிழமை விடிந்தும் விடியாத நேரம். பெட்ரோல் நிலையம் தாண்டியது, அவர் சொன்னார், நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன். அடுத்து எனக்கு ஞாபகமிருப்பது டமார் என்ற சத்தமும் வலது பக்கம் மூக்கு நசுங்கி நின்ற என் காரும்தான். வலது கைப்பக்கச் சந்திலிருந்து ஒரு பழைய வெள்ளைக் கார் வெளியே வந்து என் பாதைக்குள் நுழைந்திருந்தது.

அதிலிருந்து இறங்கியவர் தமிழர், எழுபதைத் தாண்டியவர். நெற்றியில் திருநீறு, கையில் காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு பொட்டலம் நாசி லெமாக். கார்க் கதவைச் சாத்த முடியாமல் கை உதறியது. ஆள் விழுந்துவிடுவார் போலிருந்தது. நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து, "ஒண்ணுமில்ல மாமா, உக்காருங்க. என் தப்புதான், மன்னிச்சிருங்க" என்றேன்.

இதைப் படிக்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள் என்று தெரியும். ஆனால் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு மன்னிப்பு என்பது வணக்கத்துக்குப் பக்கத்து வீடு. யார் காலை யார் மிதித்தாலும் முதலில் மன்னிப்புக் கேட்பது நாங்கள்தான். எதிரில் நிற்பவர் நரைத்த தலை என்றால் கேட்கவே வேண்டாம். தப்பு யாருடையது என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயம். அந்தப் பிறகு இப்போது காப்புறுதிக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதை நான் யோசிக்கவில்லை.

சந்து முனையில் இருந்த நாசி லெமாக் கடைக்காரரின் மகன்தான் என்னையும் வீட்டுக்காரரையும் தன் வேனில் ஏற்றி மையத்தில் கொண்டுபோய் விட்டார். இழுவை வண்டி எங்கிருந்துதான் மோப்பம் பிடித்ததோ, நாங்கள் கிளம்பும் முன்பே வந்து நின்றது. மத்தியானம் போலீஸ் பாலாயில் போய் ரிப்போர்ட் எழுதினேன். நான் சொல்லச் சொல்ல ஒரு இளம் கான்ஸ்டபிள் கம்ப்யூட்டரில் மலாயில் தட்டினார். நேராக ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன், வலது பக்கச் சந்திலிருந்து கார் வந்தது என்றேன். அவர் அதில் 'திடீரென்று' என்று ஒரு வார்த்தையைத் தானாகவே சேர்த்துக்கொண்டார். யார் போய்ச் சொன்னாலும் அந்த வார்த்தை அதில் ஏறிவிடும் போல. நான் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் கழித்து வொர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்தது. கார் அப்படியே நிற்கிறது, கிளைம் நகரவில்லை என்றார்கள். பெரியவரின் மகள் அவர் சார்பாக எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டில், நான் வேகமாக வந்ததாகவும், இடித்த இடத்திலேயே தப்பை ஒப்புக்கொண்டதாகவும், நாசி லெமாக் கடையில் நின்றவர்கள் அதைக் கேட்டதாகவும் இருந்ததாம். எனக்குக் கோபம் வரவில்லை. வேகம் போகட்டும், மற்றதில் அவர்கள் பொய் சொல்லவில்லையே, நான் சொன்னதைத்தானே சொன்னார்கள். பிறகு காப்புறுதிக் கம்பெனி அனுப்பும் அட்ஜஸ்டர் போன் செய்தார், விபத்து எப்படி நடந்தது என்று விசாரித்து அறிக்கை எழுதுகிறவர். தமிழ்ப் பையன் குரல். "ஆண்ட்டி, காருல கேமரா இருந்துச்சா?" இருந்தது என்றேன். "அப்ப பிரச்சன இல்ல லா. அந்த வீடியோ இருந்தா போதும். கட் பண்ணாம, ஒரிஜினல் அப்படியே வேணும்."

மறுநாள் வொர்க்‌ஷாப்புக்குப் போய், நசுங்கிய காரில் இருந்து விரல்நகம் அளவு மெமரி கார்டை எடுத்து வந்தேன். மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் போட்டேன். வீட்டுக்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

ரோடு ஓடியது. விளக்குக் கம்பங்கள், ஒரு மோட்டார் சைக்கிள், பெட்ரோல் நிலையத்தின் வெளிச்சம். பிறகு அவர் குரல், "திருப்பு. இன்னிக்கு வேணாம்." அதற்குப் பிறகு என் குரல்.

"வேணாம்னா செத்துப் போங்க. எனக்கும் ஒரு நாளாச்சும் தூங்கக் கெடைக்கும்."

சொன்னது எனக்கு மறக்கவில்லை. எப்படிச் சொன்னேன் என்பதுதான் தெரியாமல் இருந்தது. ஆத்திரத்தில் கத்தியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாசாரில் கீரை என்ன விலை என்று கேட்கிற குரலில் சொல்லியிருந்தேன்.

அதன் பிறகு கொஞ்ச நேரம் டயர் சத்தம் மட்டும். பிறகு அவர் தாழ்ந்த குரலில், "ரோட்டப் பாரு" என்றார். இது எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. அன்றைக்கு என் காதில் விழவே இல்லை. அவர் சொல்லி முடித்து ஒரு மூச்சு இழுக்கும் நேரத்துக்குள் மோதல். அப்புறம் திறந்த கதவு வழியாக, தூரத்தில் பேசுவது போல, "என் தப்புதான், மன்னிச்சிருங்க."

திரும்பவும் ஓடவிட்டேன். இந்தத் தடவை ரோட்டைப் பார்த்தேன். அந்த வெள்ளைக் கார் திடீரென்று ஒன்றும் வரவில்லை. சந்து முனையில் மூக்கை நீட்டி, நின்று, தயங்கி, மெல்ல நகர்ந்து வந்தது. ரோட்டைப் பார்க்கிற யாருக்கும் தெரிந்திருக்கும். மங்கிய கண்ணுள்ள என் வீட்டுக்காரருக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் இடது பக்கம் திரும்பியிருந்தேன். சொன்னது அவருக்குத் தைத்ததா என்று பார்க்க, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேமரா வெளியே பார்த்து ஒட்டப்பட்டது. நான் எங்கே பார்த்தேன் என்பது அதற்குத் தெரியாது.

மகனுக்குப் போன் போட்டேன். வீடியோவில் சத்தத்தை மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்டேன். "ரெண்டு நிமிசம் வேல ம்மா. ஆனா எடுக்கக் கூடாது. தொட்டா தெரிஞ்சிரும், அப்புறம் எதையோ மறைக்கிறோம்னு கிளைமையே நிறுத்திடுவாங்க. ஏன், என்னா இருக்கு அதுல?" சும்மாதான் கேட்டேன் என்றேன். "எனக்கு அனுப்புங்க, நான் பாத்துச் சொல்றேன்." அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பவில்லை.

அட்ஜஸ்டர் இரண்டு தடவை கூப்பிட்டார். கார்டைத் தேடுகிறேன் என்று பொய் சொன்னேன். கார்டு கேஸ் அடுப்புக்கு மேலே சீரக டப்பாவுக்குள் இருந்தது. மலாய்க்காரரோ சீனரோ வந்திருந்தால் அன்றே கொடுத்திருப்பேன். தமிழ்ப் பையன் என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அவன் கேட்பான், அவனுக்குப் புரியும், ஆபீசில் இன்னும் நாலு பேருக்குப் புரியும். முப்பத்தோரு வருடம் ஒருவரோடு வாழ்ந்து, நாலு வருடம் அவரைத் தூக்கிச் சுமந்து, கடைசியில் என்னைப் பற்றி வெளியே தெரியப்போவது அந்த ஒரு வரிதானா என்று இருந்தது.

அதற்குள் வெள்ளிக்கிழமை ஒன்று வந்தது. கார் இல்லாத நாள் முதல் போனில் வாடகைக் கார் கூப்பிட்டுத்தான் போய்க்கொண்டிருந்தோம். அன்றைக்கு நல்ல மழை. முதலாவது கார் வாசல் வரை வந்து, நடைச்சட்டத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. இரண்டாவது பாதி வழியில் ரத்து செய்தது. மூன்றாவது கிடைக்கவே இல்லை. மையத்துக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். இத்தனை நாள் வேணாம் வேணாம் என்றவருக்கு அன்று போக வேண்டாத நாள் கிடைத்தது. அவர் சந்தோஷப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் கால் இரண்டும் வீங்கி, படுக்க முடியாமல், மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் போட்டு நீரை இறக்கினார்கள். நர்ஸ் என்னைத் திட்டினாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்ததும் அவர் கேட்டார்.

"அந்தக் கார்டு என்னாச்சு?"

"இருக்கு."

"குடுத்துடு."

"அதுல நான் பேசுனது இருக்குங்க."

"தெரியும். நான் கேட்டதுதானே. அவனுங்க கேட்டா என்னா இப்ப."

சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். நான் எழுந்துபோய்ச் சீரக டப்பாவைத் திறந்தேன்.

அட்ஜஸ்டர் செவ்வாய்க்கிழமை வந்தார். முப்பது வயதிருக்கும், சட்டைப் பையில் இரண்டு பேனா, செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைக்கிற பிள்ளை. மைலோ கலக்கி வைத்தேன். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து கார்டைப் போட்டார். முன்கூடத்தில் இருந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார். ஏதோ சமையல் நிகழ்ச்சி. யாரோ வெங்காயம் வதங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதல் தடவை முழுவதும் சத்தத்தோடு ஓடியது. நான் மேசை விரிப்பின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரி வந்தது, போனது. பையன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இரண்டாவது தடவை போடும்போது பெட்ரோல் நிலையம் வருவதற்குள் சத்தத்தை அவராகவே குறைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்தார். அதற்கு நன்றி சொல்ல நினைத்தேன். இன்னும் கொஞ்சம் மைலோ ஊற்றினேன்.

"மெயின் ரோட்டுல நேரா போறது நீங்க. சந்துலேருந்து வர்றவருதான் நின்னு வழி விடணும். தெளிவா இருக்கு ஆண்ட்டி. ஏன் சாரி கேட்டீங்க?"

"வயசானவரு. நடுங்கிக்கிட்டு நின்னாரு."

"அப்படித்தான் எல்லாரும் செய்யறாங்க. எங்கம்மாவும் அப்படித்தான். இதுல சிக்கல் இல்ல, மரியாதைக்குச் சொன்னதுன்னு எழுதிக்கிறேன்."

அவர் எழுத ஆரம்பித்தார். எனக்கு அங்கேயே வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியவில்லை. "தம்பி, நான் ரோட்டப் பாக்கல" என்றேன். "அதுலயே இருக்கு, எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. பாத்திருந்தா பிரேக் போட்டிருக்கலாம்."

பேனாவைக் கீழே வைத்தார். டிவி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். "ஆண்ட்டி, நான் கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லாதீங்க. கார் எங்கேருந்து வந்துச்சு, யாருக்கு வழி, அதுதான் என் வேல. பிரேக் போட்டிருக்கலாமான்னு பாக்கப் போனா, இந்த மலாக்காவுல ஒரு கேஸும் முடியாது." பிறகு எழுதி முடித்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, என் வீட்டுக்காரரிடம் போய்வருகிறேன் அங்கிள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடியோவின் ஒரு பிரதி போலீஸ் விசாரணை சார்ஜனுக்கும் போனது. மூன்று வாரத்தில் முடிவு வந்தது. தப்பு பெரியவர் மேல், அபராதச் சம்மனும் அவருக்குத்தான். முடிவைக் கையெழுத்துப் போட்டு வாங்கப் பாலாய்க்குப் போன அன்று அவரும் மகளோடு வந்திருந்தார். மகள் என்னைப் பார்க்காமல் போனில் இருந்தாள். பெரியவர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பிறகு, "நீதானம்மா உன் தப்புன்னு சொன்ன" என்றார்.

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். சட்டப்படி அவர்தான் வழி விட்டிருக்க வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ரிப்போர்ட், அட்ஜஸ்டரின் அறிக்கை, சார்ஜன் வரைந்த விபத்துப் படம் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துப் பார்த்தால், நான் வாய் தவறிச் சொன்ன அந்த ஒன்றுதான் கொஞ்சமாவது உண்மை. அதைத்தான் எல்லாரும் மரியாதைக்குச் சொன்னது என்று தள்ளி வைத்துவிட்டார்கள். "ஆமா மாமா, சொன்னேன்" என்றேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போனேன்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த மன்னிப்பைப் பற்றியே ஓடிக்கொண்டிருந்தது. பெரியவரிடம் கேட்டேன், நர்ஸிடம் கேட்டேன், மையத்தில் தாமதமாகப் போனதற்கு அடுத்த நோயாளியிடம் கேட்டேன். அந்த மூன்று நிமிடத்தில்கூட ஒரு மன்னிப்பு இருக்கிறது. அது போய்ச் சேர வேண்டிய ஆள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்க, நான் கதவைத் திறந்துகொண்டு வேறொருவரிடம் ஓடியிருக்கிறேன்.

கார் திரும்பி வந்தது. புதுப் பெயின்ட் பழைய பெயின்ட்டோடு சரியாக ஒட்டவில்லை, வெயிலில் பார்த்தால் தெரியும். மகனிடம் போனில் கேட்டுக் கேட்டு, கேமராவில் மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு விழும்படி செய்துவிட்டேன். இனி படம் மட்டும்தான்.

முதல் புதன்கிழமை. அவரை ஏற்றி, நடைச்சட்டத்தை மடித்துப் பின்னால் வைத்து, கிளம்பினோம். ஆங்கிலப் பெண்குரல் வரவேற்றது. பெட்ரோல் நிலையம் வந்தது, தாண்டியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாடகைக் கார்களில் வெளியாள் இருக்கிறார் என்று பேசாமல் வருகிறார் என நினைத்திருந்தேன். இது எங்கள் கார். மிச்சமிருந்த அந்த ஒரு பேச்சும் போய்விட்டதோ என்று பயந்தேன். ஒரு காலத்தில் அந்த வார்த்தை கேட்காத நாள் வராதா என்று ஏங்கியிருக்கிறேன்.

"சத்தத்த நிறுத்திட்டேங்க" என்றேன். "இனிமே நாம பேசறது எதுவும் அதுல ஏறாது."

"ம்."

"திருப்புன்னு சொல்லலியா?"

"சொன்னா திருப்புவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் என்னாத்துக்கு."

அந்தச் சந்து முனை தூரத்தில் தெரிந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். நாசி லெமாக் கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். "ஏங்க, அன்னிக்கு நான் சொன்னது" என்று ஆரம்பித்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவர் பக்கம் திரும்பினேன்.

"ரோட்டப் பாரு," என்றார்.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னேன்.